ஆசாபிள் ஆற்றை அளந்த கதை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பனிக்கட்டி யுகம் விட்டுச்சென்ற மணலும் சரளையும் ஆழமாகப் படிந்த வடக்கு மேட்டுநிலத்தில் ஆசாபிள் ஆறு பிறக்கிறது. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் ஓடி, ஒஸ்கோடா என்னும் ஊரருகே ஹியூரான் ஏரியில் கலக்கிறது. பெய்யும் மழையும் உருகும் பனியும் அந்த மணலுக்குள் இறங்கி, நிலத்தடியில் தங்கி, மெல்ல மெல்ல ஊற்றுகளாக ஆற்றுக்கு வருகின்றன. அதனால் ஆசாபிளில் பெருவெள்ளமும் அரிது, வறட்சியும் அரிது. ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் 8, 9 டிகிரி செல்சியஸ் அளவிலேயே சுரப்பதால், கோடை உச்சத்திலும் ஆற்றின் மேற்பகுதி குளிர்ந்தே இருக்கிறது.

ட்ரவுட் மீனுக்கு வேண்டியது இத்தகைய நீர்தான். நீலகிரியின் அவலாஞ்சியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து வளர்த்த வானவில் ட்ரவுட்டும் இந்தக் குடும்பமே. சமவெளி ஆறுகளில் அது வாழாமல் மலையுச்சி ஓடைகளில் மட்டும் நிலைத்ததற்குக் காரணமும் இதுதான். நீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் ட்ரவுட் திணறத் தொடங்கும். 25ஐ நெருங்கினால் பிழைப்பது கடினம். நீரில் கரைந்த ஆக்சிஜன் நிறைந்திருக்க வேண்டும். முட்டையிடச் சுத்தமான சரளைப் படுகை வேண்டும். பெண் மீன் வாலால் சரளையைப் பறித்துக் குழி செய்து முட்டையிட்டு மூடுகிறது. அந்தக் கற்களின் இடுக்கு வழியாக நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை மூச்சுவிடும். இடுக்குகளை மணலோ சேறோ அடைத்துவிட்டால் முட்டை அங்கேயே அழுகிவிடும். ஆகவே ட்ரவுட் இருக்கும் ஆற்றைக் காப்பது என்றால் வெப்பம், ஆக்சிஜன், படுகை, உணவுப் பூச்சிகள், கரை ஆகிய அனைத்தையும் கவனிப்பதாகும். இது இன்று பாடநூல் செய்தி. ஆனால் இதை அறிந்து, அளந்து, எழுதிவைக்கும் தொழில் உருவாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த அரை நூற்றாண்டில் ஆசாபிள் ஒரு மீனினத்தையே இழந்தது.

அந்த மீன் கிரேலிங். முதுகில் பாய்போல் விரியும் பெரிய வண்ணத் துடுப்புடைய, ட்ரவுட்டின் உறவினம். மிச்சிகன் கிரேலிங்கை எட்வர்ட் டிரிங்கர் கோப் என்ற இயற்கையியலாளர் 1865இல் தனி இனமாக விவரித்தார். 1870களில் ரயில் பாதை வந்ததும் தூண்டில்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கினார்கள். ஆற்றங்கரை ஊர் கிரேலிங் என்றே பெயர் பெற்றது. பிடித்த மீன் பனிக்கட்டியில் அடுக்கப்பட்டு டெட்ராய்ட், சிகாகோ உணவகங்களுக்குப் போயிற்று. அதே ஆண்டுகளில் மரக் கம்பெனிகளும் வந்தன. மிச்சிகனின் வெள்ளைப் பைன் காடுகள் நாட்டின் கட்டுமானத்துக்கே மரம் தந்த காலம் அது. குளிர்காலத்தில் வெட்டிய மரங்களைக் கரையில் குவித்துவைத்து, வசந்தத்தில் நீர் உயர்ந்ததும் ஆற்றில் உருட்டிவிட்டு அறுவை ஆலை வரை மிதக்கவிட்டார்கள்.

ஆயிரக்கணக்கான மரத்தடிகள் படுகையை உழுதுகொண்டு போயின. கரைகள் இடிந்து மணல் ஆற்றில் சரிந்தது. கிரேலிங் வசந்தத்தில்தான் முட்டையிடும். அதுவும் குழி பறித்து மூடாமல், சரளையின் மேலேயே இட்டுவிட்டுப் போய்விடும். மரம் மிதந்த வாரங்களும் அது முட்டையிட்ட வாரங்களும் ஒன்றே. நிழல் தந்த காடு போனதால் நீரும் சூடேறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசாபிளில் கிரேலிங் இல்லை. 1930களின் நடுவில் மாநிலம் முழுவதிலும் அது அற்றுப்போயிற்று. எத்தனை மீன் இருந்தது, எந்த ஆண்டில் எவ்வளவு குறைந்தது என்பதற்கு ஒரு அளவும் கிடையாது. எஞ்சியவை வேட்டைக் குறிப்புகளும் பயணக் கட்டுரைகளுமே.

மீன் குறைந்தபோது அரசும் ஊராரும் கண்ட வழி ஒன்றுதான்: வேறு மீனைக் கொண்டுவந்து விடுவது. 1870களிலேயே கலிஃபோர்னியாவின் வானவில் ட்ரவுட் ஆசாபிளுக்கு வந்தது. 1880களில் ஓடை ட்ரவுட் வந்தது. ஜெர்மனியிலிருந்து ஃபிரெட்ரிக் ஃபான் பேர் 1883இல் அனுப்பிய பழுப்பு ட்ரவுட் முட்டைகளில் ஒரு பகுதி மிச்சிகனில் பொரிக்கப்பட்டது. 1884 ஏப்ரலில் 4,900 குஞ்சுகள் பியர் மார்க்கெட் ஆற்றின் துணையாறான பால்ட்வின் ஆற்றில் விடப்பட்டன. அமெரிக்க ஆறு ஒன்றில் பழுப்பு ட்ரவுட் விடப்பட்டதாகப் பதிவான முதல் நிகழ்வு அதுவே. இதற்கெனவே அமைத்த ரயில் பெட்டிகளில், பால் கேன்களில், குஞ்சுகள் நாடெங்கும் போயின. நிலையத்தில் காத்திருந்த ஊர்க்காரர்கள் கேனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அருகிலிருந்த ஓடையில் கவிழ்த்தார்கள். அந்த ஓடையின் வெப்பம் என்ன, உணவு உண்டா, ஏற்கெனவே என்ன மீன் வாழ்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டறிக்கைகளில் விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறிற்று. அவற்றில் எத்தனை பிழைத்தன என்ற பத்தி அந்த அறிக்கைகளில் இடம்பெறவே இல்லை. மீன்வளத் துறையின் வெற்றி, பொரிப்பகத்தின் வாசலில் எண்ணப்பட்டது. இந்தக் குறை எளிதில் நீங்கவில்லை.

நீரை அளக்கும் கருவிகள் இதற்குள் வேறு இடங்களில் தயாராகிக்கொண்டிருந்தன. புடாபெஸ்டில் லாயோஷ் விங்க்லர் 1888இல் நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் முறையை வெளியிட்டார். பிரிட்டனில் கழிவுநீர் அகற்றம் பற்றி 1898இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், 1912இல் தன் எட்டாம் அறிக்கையில் ஆற்றில் விடும் கழிவுநீருக்கு வரம்பு சொன்னது: லிட்டருக்கு மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராம், ஐந்து நாள் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 20 மில்லிகிராம். உலகின் பல நாட்டுச் சட்டங்களில் இந்த இரண்டு எண்களும் பின்னர் இடம்பிடித்தன. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் வேறொரு வாசலைத் திறந்தார்கள். எந்த உயிர் எந்த அளவு அழுக்கில் வாழும் என்று அவர்கள் தொகுத்த பட்டியல், ஆற்றில் வாழ்பவற்றைக் கொண்டே ஆற்றின் நிலையைச் சொல்லும் வழியைக் காட்டியது. வேதியியல் அளவு, மாதிரி எடுத்த நொடியின் நிலையை மட்டும் சொல்லும். ஒரு பூச்சி ஓராண்டு அங்கேயே வாழ்ந்திருந்தால் அந்த ஓராண்டுக்கும் அது சாட்சி.

இந்த இரண்டு வழிகளையும் மீனோடு சேர்த்து ஒரு மாநிலத்தின் ஆறுகளை முழுமையாக ஆராயும் வேலை நியூயார்க்கில் 1926இல் தொடங்கியது. அதை நடத்தியவர் எம்மலின் மூர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரியில் தாவரவியல் கற்பித்தபின் மாநிலப் பாதுகாப்புத் துறைக்கு வந்தவர். அமெரிக்க மீன்வளச் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் அவரே. ஜெனிசி ஆற்றில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி வீதம், 1939இல் ஒன்டாரியோ ஏரி வரை அந்த ஆய்வு நீண்டது. கோடை விடுமுறையில் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் குழுக்களாகப் பிரிந்து ஓடை ஓடையாக நடந்தார்கள். ஒரு குழு மீன் பிடித்து இனம் கண்டது. ஒன்று நீரின் வேதியியலைப் பார்த்தது. ஒன்று பூச்சிகளையும் மிதவை உயிர்களையும் சேகரித்தது. ஒன்று ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் கலக்கும் இடங்களைக் குறித்தது. ஒவ்வொரு ஆண்டின் முடிவுகளும் வரைபடங்களோடு தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. எல்லன் எட்மன்சன், ஹியூ கிறிஸ்ப் ஆகிய ஓவியர்கள் அவற்றுக்காக வரைந்த மீன் ஓவியங்கள் இன்றும் இனம் காட்டும் நூல்களில் பயன்படுகின்றன. ஓர் அரசுத் துறை அறிக்கைக்கு இத்தனை அக்கறையான ஓவியம் தேவையா என்ற கேள்விக்கு இடமே இல்லை: செதிலின் புள்ளி தவறினால் மீனின் பெயரே தவறிவிடும்.

ஆக்சிஜன் அளக்கும் வேலை ஆற்றங்கரையிலேயே தொடங்கியாக வேண்டும். கண்ணாடி மூடியுள்ள சிறு புட்டியை நீருக்குள் சாய்த்து, ஒரு காற்றுக் குமிழிகூட உள்ளே தங்காமல் நிரப்புவார்கள். குமிழி தங்கினால் அதிலுள்ள ஆக்சிஜனும் கணக்கில் சேர்ந்துவிடும். மாங்கனீசு உப்புக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடையும் அதில் விட்டு மூடிக் குலுக்கினால் பழுப்பு வீழ்படிவு திரளும். ஆக்சிஜன் இல்லாத நீரில் அது வெள்ளையாகவே நிற்கும். அனுபவப்பட்டவர் அந்த நிறத்தைப் பார்த்தே ஓடையின் கதியைச் சொல்லிவிடுவார். பிறகு அமிலம் விட்டால் வீழ்படிவு கரைந்து அயோடின் மஞ்சள் தெரியும். மாவுக் கரைசல் ஒரு சொட்டு, நீலம். அந்த நீலம் மறையும் வரை தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செலவான அளவிலிருந்து ஆக்சிஜனைக் கணக்கிடுவார்கள். மின்முனைக் கருவிகள் வந்த பின்பும் அவற்றைச் சரிபார்க்க இந்த முறையைத்தான் நெடுங்காலம் நம்பினார்கள்.

நியூயார்க் ஆய்வின் உடனடி நோக்கம் இன்னும் பழையதுதான்: எந்த ஓடையில் எவ்வளவு குஞ்சு விடலாம் என்று முடிவுசெய்வது. கார்னெலின் ஜார்ஜ் எம்பாடி 1927இல் அதற்கு ஓர் அட்டவணை தந்தார். ஓடையின் அகலம், மடுக்களின் தரம், உணவின் தரம் ஆகிய மூன்றையும் பார்த்து, ஒரு மைலுக்கு இத்தனை விரலி மீன்கள் என்று அட்டவணை சொல்லும். மத்திய மீன்வளத் துறையின் எச். எஸ். டேவிஸ் 1938இல் வெளியிட்ட ஆய்வுக் கையேட்டில் உணவுத் தரத்துக்கு எண்கள் இருந்தன: ஒரு சதுர அடிப் படுகையில் 2 கிராமுக்கு மேல் பூச்சிகள் இருந்தால் வளம், 1 முதல் 2 கிராம் நடுத்தரம், அதற்குக் கீழே வறுமை. அட்டவணை பெரிதும் அனுபவ மதிப்பீடே. ஆனாலும் அது ஒரு பெரிய திருப்பம். ஓடை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி முதன்முறையாகக் குஞ்சு விடுவதற்கு முன்பே கேட்கப்பட்டது.

அந்தக் கேள்வி ஒரு மனிதர் மூலம் மிச்சிகனுக்கு வந்தது. 1930இல் மாநிலப் பாதுகாப்புத் துறையும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆன் ஆர்பர் நகரில் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தன. அதன் முதல் இயக்குநர் மீனியலாளர் கார்ல் ஹப்ஸ். நியூயார்க் ஆய்வில் மீன் பிரிவில் உழைத்த ஜான் கிரீலி அவரோடு சேர்ந்தார்; கேள்வியைக் கொண்டுவந்தவர் இவரே. கிளாரன்ஸ் டார்ஸ்வெல் என்ற இளைஞரும் இணைந்தார். மூவரும் 1932இல் மிச்சிகன் ட்ரவுட் ஓடைகளைச் சீர்செய்யும் முறைகள் பற்றி ஒரு சிறுநூலை வெளியிட்டார்கள். மீனை விடுவதைவிட மீன் தங்கும் இடத்தைச் செய்வது பயன் தரும் என்பது அதன் சாரம். மரத்தடிகளை ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்வாகப் பொருத்தினால் நீர் ஒடுங்கி விரைந்து மணலை அரித்துச் செல்லும், கீழிருந்த சரளை வெளிப்படும், மடு ஆழமாகும், தடியின் அடியில் மீனுக்கு நிழல் கிடைக்கும். மரம் மிதக்கவிட்டவர்கள் வழி வேண்டும் என்று அகற்றிய மரங்களை, இவர்கள் மீன் வேண்டும் என்று திரும்ப வைத்தார்கள்.

நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே பெருமந்தத்தின் வேலையின்மையைப் போக்கக் குடிமக்கள் பாதுகாப்புப் படை தொடங்கப்பட்டது. முகாம் முகாமாக இளைஞர்கள் ஆறுகளில் இறங்கி, இத்தகைய அமைப்புகளை நாடெங்கும் கட்டினார்கள். வேகம் இருந்த அளவுக்கு ஆய்வு இருக்கவில்லை. மிச்சிகனின் சீரான மணல் ஆறுகளுக்கு வகுத்த வடிவங்களை மலைச்சரிவின் வெள்ள ஓடைகளில் கட்டியபோது, முதல் பெருவெள்ளமே பலவற்றை அடித்துக்கொண்டு போயிற்று. எங்கே படுகை குறையுள்ளது, குறைக்குக் காரணம் என்ன என்று அளக்காமல் கட்டிய எதுவும் நிற்காது என்பதை அந்தப் பத்தாண்டு உணர்த்தியது.

டார்ஸ்வெல்லின் பிற்கால வாழ்க்கை இந்தத் தொழிலின் போக்கையே காட்டுகிறது. ஓடைகளில் மரத்தடி பொருத்தத் தொடங்கியவர், பிறகு சின்சினாட்டியில் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வகத்தில், எந்த நச்சு எந்த அளவில் மீனைக் கொல்லும் என்று சோதிக்கும் முறைகளை உருவாக்கினார். நீரின் தரத்துக்கு உயிர்வாழ்வை அளவுகோலாக்கும் வேலையில் அவர் நாட்டின் முன்னோடிகளுள் ஒருவர். மீனின் இருப்பிடமும் நீரின் தரமும் வேறு வேறு துறைகள் அல்ல என்பதை அவர் இரு பக்கமும் உழைத்து அறிந்தவர்.

கருவிகளும் இதே ஆண்டுகளில் திருந்தின. யூஜீன் சர்பர் 1930களில் அறிமுகப்படுத்திய வலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஓரடிச் சதுரமான உலோகச் சட்டம் இரண்டு, ஒரு விளிம்பில் கீல் போட்டு இணைந்திருக்கும். ஒன்றைப் படுகையில் அழுத்திப் படியவைத்தால் மற்றது நிமிர்ந்து, ஓட்டத்தின் திசையில் வலையை விரித்துப் பிடிக்கும். ஆய்வாளர் முழங்காலளவு நீரில் குனிந்து, சட்டத்துக்குள் அகப்பட்ட ஒவ்வொரு கல்லையும் எடுத்து, வலையின் வாயருகே விரல்களால் தேய்த்துக் கழுவுவார். கல்லில் ஒட்டிக் கிடந்த மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை இளம்பூச்சிகள் ஓட்டத்தில் அடித்து வலைக்குள் போகும். மணல்துகள்களால் தனக்குக் கூடு கட்டிக்கொண்ட கேடிஸ் புழுவை நகத்தால் பெயர்த்தெடுக்க வேண்டும். கற்கள் தீர்ந்ததும் கீழிருக்கும் சரளையைச் சில அங்குல ஆழம் கிளறுவார். வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால், வெறும் குப்பையாகத் தெரிந்தது சிறிது நேரத்தில் நெளியத் தொடங்கும். ஒரு சதுர அடி முடிந்தது, அடுத்த இடம்.

மீனை எண்ணுவது இதைவிடக் கடினமாக இருந்தது. நியூயார்க்கின் டேவிட் ஹாஸ்கெல் 1940இல் மின்சாரத்தால் மீனைச் சேகரிக்கும் முறையை விவரித்தபின் நிலைமை மாறியது. நீரில் செலுத்தும் மின்னோட்டத்தில் மீன் சில நொடிகள் மயங்கி மிதக்கும்; கைவலையால் அள்ளி, அளந்து, திரும்ப விட்டுவிடலாம். முதல் நாள் பிடித்த மீன்களின் துடுப்பில் சிறு துண்டு நறுக்கி விடுவார்கள். மறுமுறை பிடிக்கும்போது அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்த்தால் மொத்தத்தைக் கணக்கிடலாம். முதலில் 200 மீனுக்கு அடையாளமிட்டு, அடுத்த முறை பிடித்த 150இல் 50 அடையாளத்தோடு இருந்தால், அந்த நீட்டத்தில் சுமார் 600 மீன். ஆசாபிளின் நிலையான சில இடங்களில் 1950களின் பிற்பகுதி முதல் மாநிலத் துறை இலையுதிர் காலங்களில் இப்படி எண்ணிவந்திருக்கிறது. ஒரே இடத்தை ஒரே முறையில் பல பத்தாண்டுகள் அளந்த பதிவுகள் உலகில் மிகக் குறைவு. ஆசாபிளின் உண்மையான செல்வம் இந்த ஏடுகள்.

அடையாளமிடும் பழக்கம் இன்னொரு உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. ஹப்ஸுக்குப் பின் 1935 முதல் நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் ஹசார்டும், உடன் உழைத்த டேவிட் ஷெட்டரும் பொரிப்பகத்தில் வளர்த்த ட்ரவுட்டுக்கு அடையாள வில்லை மாட்டி ஆறுகளில் விட்டார்கள். இலையுதிர் காலத்தில் விட்டவற்றில் அடுத்த பருவத்தில் தூண்டிலில் சிக்கியவை மிகச் சொற்பம். பெரும்பாலானவை குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பல பத்தாண்டுகளாக மக்கள் வரிப்பணத்தில் விட்ட மீன்கள் எங்கே போயின என்பதற்கு இது விடை. துறைக்கும் தூண்டில்காரர்களுக்கும் இது கசப்பாக இருந்தது. இயற்கையாக இனம்பெருக்கும் நல்ல ஆற்றில் பொரிப்பக மீனைக் கொட்டுவது வீண் என்பது மட்டுமல்ல, உள்ள மீனுக்கு அது போட்டியும் ஆகலாம் என்ற கருத்து வலுப்பட்டது.

அந்தக் கருத்தைப் பொதுமக்களிடம் எடுத்துச் சென்றவர்கள் ஆசாபிளின் கரையிலேயே கூடினார்கள். கார் நிறுவனத் தலைவரான ஜார்ஜ் மேசன் 1954இல் இறந்தபோது, தெற்குக் கிளையின் இருகரையிலும் தமக்கிருந்த சுமார் 1,500 ஏக்கர் காட்டை மாநிலத்துக்கு எழுதிவைத்திருந்தார். ட்ரவுட்டுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று அவர் நண்பர் ஜார்ஜ் கிரிஃபித்திடம் சொல்லிவந்தார். 1959 ஜூலையில் கிரிஃபித்தின் ஆற்றங்கரை வீட்டில் 16 பேர் கூடி ‘ட்ரவுட் அன்லிமிடெட்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மீன்வள முடிவுகள் அறிவியல் ஆய்வின் அடிப்படையில் அமைய வேண்டும், குஞ்சு விடுவதைவிட ஆற்றின் நலமே முதன்மை என்பது அவர்கள் கொள்கை. தூண்டில்காரர்களே மீன் விடுவதைக் குறைக்கச் சொன்னது அன்று பலருக்கும் வியப்பாக இருந்தது. 1960களில் மிச்சிகன், நல்ல ஆறுகளில் பிடிக்கும் அளவு வளர்ந்த மீனைக் கொட்டும் வழக்கத்தைக் கைவிடத் தொடங்கியது.

அடுத்த சோதனை நீரின் தரத்தில் வந்தது. கிரேலிங் ஊரின் கழிவுநீர், ஓரளவு மட்டுமே சுத்திகரிக்கப்பட்டு ஆற்றில் கலந்துவந்தது. அதிலுள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் ஊருக்குக் கீழே நீர்ச்செடிகளைச் செழிக்கச் செய்தன. செடிகள் பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதையே உறிஞ்சும். அதனால் நண்பகலில் எடுத்த மாதிரி நலமாகக் காட்டும் ஆறு விடியற்காலையில் திணறக்கூடும். மாதிரி எடுக்கும் நேரமே முடிவை மாற்றும் என்று ஆய்வாளர்கள் இத்தகைய ஆறுகளில்தான் கற்றார்கள். 1971இல் அந்தக் கழிவுநீர் ஆற்றிலிருந்து விலக்கப்பட்டு நிலத்தில் கசியவிடப்பட்டது. ஆறு தெளிந்தது. ஆனால் சில ஆண்டுகளில் தூண்டில்காரர்கள் பெரிய மீன் குறைந்துவிட்டதாக முறையிட்டார்கள். கிளென் மெரன் என்ற ஆய்வாளர் 1982இல், கழிவுநீரை விலக்குவதற்கு முன்னும் பின்னும் பழுப்பு ட்ரவுட் வளர்ந்த வேகத்தை ஒப்பிட்டார். முறையீடு உண்மைதான்: வளர்ச்சி குறைந்திருந்தது. கழிவு தந்த ஊட்டத்தில் பூச்சி பெருகி, பூச்சியைத் தின்று மீன் பெருத்திருந்தது.

இந்த முடிவைச் சாக்காக வைத்துக் கழிவை மீண்டும் விடலாம் என்று வாதிட முடியும். சிலர் ஆறு அளவுக்கு மீறிச் சுத்தமாகிவிட்டது என்று வருந்தவும் செய்தார்கள். ஆனால் அதன் பொருள் வேறு. மீனின் பருமனை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நோயின் வீக்கத்தையும் நலம் என்று எடுத்துக்கொள்ள நேரும். மீன், நீர், பூச்சி, படுகை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஆய்வுதான் அந்த மயக்கத்தைத் தீர்க்கும். முந்தைய ஆண்டுகளின் அளவுகள் ஏட்டில் இல்லாதிருந்தால் முறையீடும் விடையும் வெறும் பேச்சாகவே போயிருக்கும்.

மணலின் கேட்டையும் ஓர் ஆய்வு எண்களில் நிறுவியது. ஆசாபிளுக்கு வடகிழக்கே ஹன்ட் ஓடையில் 1939 முதல் மாநில ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே கேலார்ட் அலெக்சாண்டரும் எட்வர்ட் ஹான்சனும் 1970களில் ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் ஓடையில் மணலைக் கொட்டி, படுகையில் நகரும் மணலின் அளவை நான்கைந்து மடங்காக்கினார்கள். ஓடை அகன்று ஆழம் குறைந்தது, மடுக்கள் தூர்ந்தன, ஓடை ட்ரவுட் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. 1986இல் வெளியான இந்த முடிவு, சாலைக் கடவுகளிலும் இடிந்த கரைகளிலும் இருந்து ஆற்றில் சரியும் மணல் ஒரு மாசுப் பொருளே என்று வாதிடுவோருக்குப் பெரும் துணையாயிற்று. அதன்பின் ஆசாபிள் கரைகளில் அரிப்பு நிகழும் இடங்கள் ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கப்பட்டு, கல்லும் மரமும் நடவுச் செடியும் கொண்டு கட்டப்பட்டன. நூறாண்டுக்கு முன் மரத்தடிகளை உருட்டிவிட்ட சரிவுகள் பல இன்னும் மணலை உதிர்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் முறையாகப் பதிவாயிற்று.

1972இன் மத்திய தூய நீர்ச் சட்டத்துக்குப் பின் ஆய்வு அரசின் கடமையாயிற்று. அண்டை மாநிலமான விஸ்கான்சினில் வில்லியம் ஹில்சன்ஹாஃப் 1977இலும் பிறகு 1987இலும் பூச்சிகளுக்கு மதிப்பெண் வகுத்தார். 1987இன் அளவில், அழுக்கைச் சற்றும் பொறுக்காத இனத்துக்குச் சுழியம், எதையும் தாங்கும் இனத்துக்குப் பத்து. ஒரு மாதிரியின் சராசரியே அந்த இடத்தின் நிலை. ஜேம்ஸ் கார் 1981இல் மீன் கூட்டத்தைக் கொண்டு இதே போன்ற குறியீட்டை அமைத்தார். மிச்சிகன் தன் இறங்கி நடக்கக்கூடிய ஓடைகளுக்கென ‘நடைமுறை 51’ என்ற ஆய்வு விதியை வகுத்தது. பூச்சி, மீன், வாழிடம் மூன்றுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. 2003இல் மாநில ஆளுநரின் ஆணையால் உருவான ‘மைகார்ப்ஸ்’ திட்டம், பயிற்சி பெற்ற தன்னார்வலர்களின் அளவுகளையும் பொதுப் பதிவில் சேர்த்தது. பள்ளி ஆசிரியரும் ஓய்வுபெற்ற தொழிலாளியும் வலையோடு ஓடையில் இறங்கினார்கள்.

இந்தப் பதிவுகளின் வலிமை நீதிமன்றங்களில் வெளிப்பட்டது. 1987இல் ரஸ்டி கேட்ஸ் என்ற விடுதிக்காரர் தொடங்கிய ‘ஆங்லர்ஸ் ஆஃப் தி ஆசாபிள்’ சங்கம், முதலில் கிரேலிங் ஊருக்குக் கீழேயுள்ள நீட்டத்தில் பிடித்த மீனை விட்டுவிடும் விதிக்காகப் போராடியது. பின்னர் ஆற்றின் தலைமடையான கோல்கி ஓடையில், எண்ணெய்க் கழிவால் மாசுபட்ட நிலத்தடி நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 10 லட்சம் கேலனுக்கு மேல் விட அரசு தந்த அனுமதியை எதிர்த்தது. சிற்றோடை ஒன்றில் அத்தனை நீர் பாய்ந்தால், நீர் சுத்தமாக இருந்தாலும் படுகையே அரித்துப் போகும் என்பது வாதம். 2010 டிசம்பரில் மிச்சிகன் உச்சநீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2011 ஏப்ரலில், வழக்குக்கு இனிப் பொருளில்லை என்று அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கிக்கொண்டது. கழிவு கோல்கி ஓடைக்குள் வரவில்லை.

அடுத்த வழக்கு கிரேலிங் ஊரின் பழைய மீன் பொரிப்பகத்தைப் பற்றியது. குத்தகைக்கு விடப்பட்ட அந்த இடத்தில் ஆண்டுக்கு 3 லட்சம் பவுண்டு ட்ரவுட் வளர்க்க 2014இல் அனுமதி கிடைத்தது. அத்தனை மீனின் கழிவும் தீனி மிச்சமும் நேரே ஆற்றின் புகழ்பெற்ற நீட்டத்துக்குள் போகும் நிலை. 1971க்கு முன் பாஸ்பரஸ் என்ன செய்தது என்பது ஏட்டில் இருந்தது. வழக்கு 2018இல் உடன்பாட்டில் முடிந்து, வணிக மீன் வளர்ப்பு நின்றது.

இப்போது ஆய்வாளர்கள் தேடுவதில் பாதி கண்ணுக்கும் வலைக்கும் சிக்காதது. கிரேலிங் ஊருக்கருகே 1913 முதல் இயங்கும் ராணுவப் பயிற்சி முகாமின் நிலத்தடி நீரில், தீயணைப்பு நுரையில் பயன்பட்ட பீஃபாஸ் வேதிப்பொருள்கள் இருப்பது 2010களின் பிற்பகுதியில் தெரியவந்தது. அவை சிதைவதில்லை, ஆற்றைக் குளிர்வாக வைத்திருக்கும் அதே நிலத்தடி ஓட்டத்தில் அவையும் நகர்கின்றன. அவற்றை லிட்டருக்கு நானோகிராம் அளவில் அளக்க வேண்டும். ஊற்று சுரக்கும் இடங்கள், கிணறுகள், மீனின் சதை என மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. அதோடு ஆற்றின் நீளத்தில் ஆங்காங்கே கல்லில் கட்டிவைத்த சிறு வெப்பப் பதிவுக் கருவிகள் கோடை முழுவதும் மணிதோறும் அளவு எடுக்கின்றன. எந்த ஊற்று ஆற்றை எவ்வளவு தூரம் குளிர்விக்கிறது என்ற வரைபடம் அந்த எண்களிலிருந்து வரையப்படுகிறது.